பதினொரு நாள் காலேஜுக்குப் போன காக்கி உடுப்பு

நான் சொல்றதை நம்பணும்னு உங்களுக்கு ஒரு கட்டாயமும் கிடையாது. கருங்காட்டுக்குளம் அரசு கலைக் கல்லூரியில மூணாம் வருஷக் கணக்கு வகுப்போட வருகைப் பதிவேடு இப்பவும் ஆபீஸ் அலமாரி மேல்தட்டுல, நான் கட்டி வச்ச கட்டுக்குள்ளதான் இருக்கு, அதுல மாகாளிங்கிற பேருக்கு நேரா பச்சை மையில போட்டிருக்கிற பதினொரு டிக்கையும் யாரு வேணும்னாலும் வந்து பார்த்துக்கிடலாம். அந்தப் பதினொரு நாளும் மாகாளி ஊர்லயே இல்லை. அவளோட என்.சி.சி. யூனிஃபார்ம் மட்டும் தானா நடந்து வந்து, வகுப்புல உக்காந்து, பாடம் கேட்டுட்டுத் திரும்பிப் போச்சு. அந்தக் காலேஜ்ல இருபத்திரண்டு வருஷமா மணி அடிக்கிறவன் நான், பேரு சங்கரபாண்டி, என் மணி ஒரு நிமிஷம் முந்தினதும் கிடையாது பிந்தினதும் கிடையாது, ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளும் இந்தக் கதைக்குள்ளதான் வருது.

மாகாளியோட அம்மா சொர்ணம் பஸ் ஸ்டாண்டு வாசல்ல தேய்ப்பு வண்டி வச்சிருக்கா. லாரி ஓட்டப் போன புருஷன், மக மூணாங்கிளாஸ் படிக்கையில தவறிட்டான், அன்னையில இருந்து கரிப்பெட்டியும் அவளும்தான். எங்க காலேஜ் என்.சி.சி. பிள்ளைகள் அத்தனை பேரு காக்கிக்கும் கஞ்சி போட்டுத் தேய்ச்சுக் குடுக்கிறது அவதான், அவ தேய்ச்ச மடிப்புல விரலை வச்சா கீறிரும்னு பிள்ளைகள் கேலி பேசும். மக அந்தக் காக்கியை முத நாள் மாட்டிக்கிட்டு வந்து நின்னப்ப, இந்தப் பிள்ளை இனி வேற எதையும் நினைக்காதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சாம். நினைக்கவும் இல்லை. வெள்ளன நாலரைக்கு எந்திரிச்சு குளத்தங்கரையில ஓடுறதும், ஓடி முடிச்சு வந்து அம்மாவுக்குக் கரி மூட்டிக் குடுக்கிறதும், அப்புறம் காலேஜுக்கு வந்து கணக்குப் போடுறதுமா மூணு வருஷம் ஒரே குறியா இருந்தா, ராணுவத்துல ஆபீசர் ஆகணும், சிப்பாய் இல்லை, ஆபீசர்.

அந்த வருஷம் ஆவணியில அவளுக்கு அம்மை போட்டிருச்சு. இருபத்திநாலு நாள் வேப்பிலையில படுத்துக் கிடந்தா, எந்திரிச்சு வந்து கணக்குப் பார்த்தா, பரீட்சை எழுதத் தேவையான வருகைக்கு இனி ஒரு நாள்கூட லீவு போடக்கூடாதுங்கிற நிலைமை, காலேஜ் குடுக்கிற சலுகை நாளும் அம்மைக்கே போயாச்சு. பரீட்சை எழுதலைன்னா டிகிரி இல்லை, டிகிரி இல்லைன்னா ஆபீசரும் இல்லை. ஒரு நாள்கூட விடாம வந்துக்கிட்டு இருந்தப்ப, ஐப்பசி கடைசியில போபால்ல இருந்து ராணுவ ஆபீசர் செலக்‌ஷனுக்கு வரச் சொல்லிக் கடுதாசி வருது. போக ரெண்டு நாள், அங்க அஞ்சு நாள், தேறிட்டா மெடிக்கலுக்கு இன்னும் ஒரு வாரம். போனா டிகிரி போச்சு, போகலைன்னா எல்லாமே போச்சு. அவ யாரையும் கேக்கலை, பையைக் கட்டிட்டா.

அங்க செலக்‌ஷனுக்கு யூனிஃபார்ம் கிடையாதாம், சாதா உடுப்புல நெஞ்சுல நம்பர் அட்டை கட்டிக்கிட்டுத்தான் நிக்கணுமாம். அதனால காக்கியை வீட்லயே விட்டுட்டா. சொர்ணத்துக்குக் கவலை வந்தா வாய் பேசாது, கை பேசும். கடுதாசி வந்த அன்னைக்குச் சாயங்காலம் அந்தக் காக்கியை எடுத்துக் கஞ்சியில முக்கிக் காயப்போட்டுத் தேய்ச்சா, மறுநாளும் மனசு கேக்காம அதே காக்கியை எடுத்து மறுபடியும் கஞ்சியில முக்கினா, அப்படியே அலசாம கொள்ளாம ஏழு நாள் ஏழு கஞ்சி போட்டுட்டா, அறிவுள்ள எந்தத் தேய்ப்புக்காரியும் ஒரு துணிக்கு ஒரு கஞ்சிக்கு மேல போடமாட்டா. எட்டாம் நாள் வியாழக்கிழமை காலையில, மகளை ரயிலேத்தி விட்டுட்டு வந்து முற்றத்துல பார்த்தா, காக்கி கொடியில இருந்து இறங்கி நின்னுக்கிட்டு இருக்கு. பெல்ட்டைக் கட்டி, தொப்பியை வச்சு, பூட்ஸுக்குள்ள ஏறி, காலரைச் சரி பண்ணிக்கிட்டு வாசலைப் பார்த்து நடந்துச்சு. உள்ள ஆள் கிடையாது; தலை இருக்க வேண்டிய இடத்துல காத்து, அதுக்கு மேல தொப்பி.

சொர்ணம் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "ஏட்டி, சோத்து வாளி வேண்டாமா?"

அது நின்னு, திரும்பி வந்து, சட்டைக் கை நுனியில வாளியை மாட்டிக்கிட்டுப் போச்சு.

காலேஜ் வழியாப் போற டவுன் பஸ் மகளிருக்குக் கட்டணம் இல்லாத பஸ். கண்டக்டர் பண்டாரம் அதை மேலயும் கீழயும் பார்த்து, தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "இதை ஆணுன்னு எழுதவா பொண்ணுன்னு எழுதவா"ன்னு கேட்டிருக்கான். சந்தைக்குப் போன பொம்பளைகள் பிடிபிடின்னு பிடிச்சுக்கிட்டாங்க. "கூறுகெட்ட மனுசா, அது நம்ம சொர்ணம் மக சட்டைல்லா, பொம்பளைப் பிள்ளை சட்டைக்கு எதுக்குவே காசு, சீட்டைக் கிழியும்." அவனும் கிழிச்சுக் குடுத்தான். மறுநாள்ல இருந்து மூணாவது சீட்டு அதுக்குன்னே ஆயிருச்சு, யாரும் உக்கார்றதில்லை, உக்காந்தாலும் கசங்கிரும்னு தள்ளியே உக்காந்தாங்க. ஒரு அம்மா கண்ணு பட்டிரும்னு அதோட மணிக்கட்டு இருக்கவேண்டிய இடத்துல கறுப்புக் கயிறு கட்டிவிட்டா, பிள்ளையார் கோயில் பூசாரி நெத்தியைத் தேடிப் பார்த்து, கிடைக்காம, தொப்பியில விபூதியைப் பூசிவிட்டார். டீக்கடையில முத நாள் வேடிக்கை பார்த்தாங்க, ரெண்டாம் நாள் 'வந்துட்டா மாகாளி'ன்னாங்க, மூணாம் நாள் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கலை. தெருநாய் மட்டும் நாலு நாள் குரைச்சுது, அதுவும் அப்புறம் பின்னாலயே வந்து காலேஜ் கேட்ல விட்டுட்டுப் போச்சு.

வகுப்புல ரஹ்மத்துங்கிற பிள்ளை பக்கத்துல அது உக்காரும், அவதான் மாகாளிக்குச் சிநேகிதி. பேனாவைக் கை நுனியில சொருகிக் குடுத்தா நோட்ஸ் எடுக்கும், எழுத்து ஒவ்வொண்ணும் விறைச்சுக்கிட்டு நிக்கும். மத்தியானம் சோத்து வாளியை ரஹ்மத்து பக்கம் தள்ளி வச்சிரும். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் என்.சி.சி. பரேடுக்குப் போய் வரிசையில நிக்கும், பயிற்சி குடுக்க வர்ற ராணுவ ஹவில்தார் ஒவ்வொருத்தர் உடுப்பா குறை கண்டுபிடிச்சுக்கிட்டே வந்து அதுக்கு முன்னால மட்டும் நின்னு, குறை சொல்ல ஒண்ணுமில்லாம அடுத்த ஆளுக்குப் போயிருவார். எல்லாம் நல்லாத்தான் போச்சு, தவசிக்கனி சார் ஒருத்தரைத் தவிர.

தவசிக்கனி சார் கணக்குத் துறைத் தலைவர். முதல் பீரியடு அவருக்கு, முதல் பீரியட்ல போடுறதுதான் அன்னைக்கு முழுக்க வருகை. என் மணி பன்னிரண்டு அடி; முதல் அடிக்கு அவர் வகுப்புக்குள்ள கால் வைப்பார், கடைசி அடிக்குப் பதிவேட்டைத் திறப்பார், முப்பத்தியொரு வருஷமா தலையைத் தூக்காம பேரைக் கூப்பிட்டு, சத்தத்தை மட்டும் கேட்டு டிக் போடுவார். ஒருத்தனுக்குப் பதிலா இன்னொருத்தன் குரல் குடுத்தா, தலையைத் தூக்காமலே ரெண்டு பேரையும் பேர் சொல்லி வெளியே அனுப்புவார், அப்படி ஒரு காது. "ஏன் சார் மூஞ்சியைப் பார்க்கிறதில்லை"ன்னு நான் ஒரு தடவை கேட்டிருக்கேன். "மூஞ்சியைப் பார்த்தா இரக்கம் வந்துரும் சங்கரபாண்டி, அப்புறம் கை தானா டிக் போட்டிரும்"னார்.

முத நாள் 'மாகாளி'ன்னு கூப்பிட்டார். காக்கி எந்திரிச்சு நின்னு பூட்ஸைச் சேர்த்து 'டக்'குன்னு ஒரு சத்தம் குடுத்துச்சு. அவர் கை நின்னுச்சு. "குரல் வரலை"ன்னு சொல்லிட்டு ஆப்சென்ட் போட்டுட்டார். மறுநாளும் அதே. பிள்ளைகள் கூட்டமாப் போய்க் கேட்டாங்க. "வெற்றுக் கணமும் ஒரு கணம்தான், நான் இல்லைங்கலை. ஆனா அதுல உறுப்பு எத்தனை? பூஜ்யம். பூஜ்யத்துக்கு நான் வருகை போட முடியாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். எனக்கு வந்த கோவத்துக்கு அன்னைக்கு இன்டர்வெல் மணியை ஓங்கி அடிச்சதுல சுத்தியல் காம்பு கழண்டிருச்சு.

முத நாள் ராத்திரியே மாகாளி ரயில்ல இருந்து அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கா. விஷயத்தைக் கேட்டுட்டு அவளும் அதிசயப்படலை, "அம்மா, வெயில்ல ரொம்ப நிக்க விடாத, மழையில நனையவே விடாத"ன்னா. அங்க கூட இருந்த ரஹ்மத்து போனை வாங்கி, "நான் உனக்குக் குரல் குடுத்திருதேன்டி, என் சத்தத்தை மாத்திப் பேசிப் பழகிட்டேன், அவருக்குக்கூடத் தெரியாது"ன்னிருக்கா. "வேண்டாம்டி. அங்க என்னை எதைக் கேட்டாலும் நான் உள்ளதைத்தான் சொல்லணும். பொய்யை வச்சு ஏறிட்டு அப்புறம் எப்படி நூறு பேரைக் கூட்டிட்டுப் போறது"ன்னு சொல்லிட்டா. போபால் போய் இறங்கினதும் போனை வாங்கி வச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் சேதி இல்லை.

சேதி இல்லாததே எங்களுக்குச் சேதி ஆச்சு. முத நாளே பாதிப் பேருக்கு மேல திருப்பி அனுப்பிருவாங்கன்னு ஹவில்தார் சொல்லியிருந்தார், அதனால தினமும் சாயங்காலம் வடக்கத்தி ரயில் வர்ற நேரம் ஊர்ல பாதிப் பேர் ஸ்டேஷன் பக்கம் ஏதோ சோலி இருக்கிற மாதிரி நடந்து போய், மாகாளி இறங்கலைன்னு உறுதி பண்ணிக்கிட்டு, சந்தோஷமாத் திரும்பி வருவோம். ஒரு பிள்ளை வராததுக்காக ஊரே காப்பி வாங்கிக் குடிச்சது எங்க ஊர்லதான் இருக்கும்.

காலேஜ் நாள் கணக்குல ஆறாம் நாள், ரெண்டாவது வியாழக்கிழமை, போன் வந்துச்சு. தேறிட்டா, மெடிக்கல் முடிய இன்னும் ஒரு வாரம். பேட்டி எடுத்த ஆபீசர் அவகிட்ட, "உங்க வருகைப் பதிவு ரொம்பக் குறைவா இருக்கே, இப்ப காலேஜுக்கு யார் போறது"ன்னு கேட்டாராம். "என் யூனிஃபார்ம் போகுது சார்"னாளாம். "நோட்ஸ் எடுக்குமா"ன்னு கேட்டிருக்கார் அவர். "எடுக்கும் சார், என்னைவிட எழுத்து நல்லா இருக்கும். ஆனா எங்க சார் இன்னும் வருகை போடலை." அவர் சிரிக்கலையாம், தாள்ல என்னமோ குறிச்சுக்கிட்டாராம்.

எங்களுக்குச் சந்தோஷத்துல கண்ணு கலங்கிருச்சு, ஆனா பதிவேட்ல ஆறு ஆப்சென்ட் சிவப்பு மையில நிக்குது. பிரின்சிபால் மேடம் ஆசிரியர் கூட்டம் போட்டாங்க. ரெண்டு மணி நேரம் பேசினாங்க, காக்கி பின்வரிசையில உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. கடைசியில முடிவு என்னன்னா, வருகை போடுறது வகுப்பாசிரியர் உரிமை, யாரும் தலையிட முடியாது. ஆனா செமஸ்டர் கடைசி நாள், அதாவது மறு வியாழக்கிழமை, தவசிக்கனி சார் பேர் கூப்பிடும்போது அது வகுப்புல இருந்து, அவர் மனசுக்கு ஒப்பும்படி பதில் வந்தா பதினொரு நாளும் கணக்கு, இல்லைன்னா ஒண்ணும் கிடையாது. சார் சரின்னுட்டார். பதில் எங்கிருந்து வரும்னு எங்களுக்கு ஒண்ணும் விளங்கலை, இருந்தாலும் காக்கி அன்னைக்கு வந்து நின்னாப் போதும், மிச்சம் ஆண்டவன் விட்ட வழின்னு இருந்தோம்.

புதன்கிழமை மழை பிடிச்சுது. கார்த்திகை மழை, பிடிச்சா விடாது. கஞ்சிக்கும் மழைக்கும் ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும். ராத்திரி முழுக்க ஈரக்காத்துலயே காக்கி தொய்ஞ்சுபோச்சு, சொர்ணம் விடியுமுன்னே கரிப்பெட்டி அனல்ல காட்டிக் காட்டி எப்படியோ நிமித்தி நிறுத்தினா. பஸ் ஓடைப்பாலம் வரைக்கும்தான் வந்துச்சு, பாலத்துக்கு மேல தண்ணி. அங்க இருந்து காலேஜுக்கு ஒண்ணரை மைல் சுத்துவழி, நடக்கணும், வானம் பொத்துக்கிட்டு ஊத்துது.

அந்த நடையை நான் பார்க்கலை, பார்த்தவங்க சொன்னதுதான். முதல்ல பண்டாரம் பஸ்ஸை நிறுத்திட்டு இறங்கி அவன் குடையைப் பிடிச்சான், பொம்பளைகள் அவங்க குடையைப் பிடிச்சாங்க, காத்துல குடை மடங்கவும் லாரி ஷெட்டுக்காரங்க தார்ப்பாயைக் கொண்டு வந்தாங்க, பூசாரி சாமி புறப்பாட்டுக்கு வைக்கிற வெள்ளைக் குடையை எடுத்துட்டு ஓடி வந்தார், ரஹ்மத்தோட வாப்பா கல்யாணப் பந்தல் துணியோட வந்தார், யாரோ ஒரு புண்ணியவான் சடங்கு வீட்டு ஃப்ளெக்ஸ் போர்டையே கழட்டித் தலைக்கு மேல தூக்கிட்டு வந்தான், இப்படி நாலு பக்கமும் மேலயும் மறைச்சு நடுவுல ஒரு காக்கி உடுப்பை விட்டு, அவங்க நனைஞ்சு அதை நனையவிடாம, சேத்துல வழுக்கி, ஒருத்தரை ஒருத்தர் ஏசிக்கிட்டே நடந்து வந்தாங்க. காலை எடுத்து வைக்கிறது எல்லாருக்கும் ஒண்ணுபோல ஆயிருச்சாம், யாரும் சொல்லிக் குடுக்கலை.

நான் காலேஜ் வராந்தாவுல சுத்தியலோட நிக்கேன். மணி ஒன்பது இருபத்தொன்பது. தூரத்துல ரோட்டு வளைவுல அந்தக் குடைக் கூட்டம் தெரியுது, ஓடி வந்தாலும் அஞ்சு நிமிஷம் ஆகும். முதல் அடியை நான் நேரத்துக்கு அடிச்சேன், அதுல மாத்தமில்லை. தவசிக்கனி சார் வகுப்புக்குள்ள போனார். பன்னிரண்டு அடி அடிக்கணும்னுதான் விதி இருக்கு, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் எவ்வளவு இடைவெளின்னு எந்த ரூல் புஸ்தகத்துலயும் இல்லை. ரெண்டாவது அடி அடிச்சேன். நின்னேன். மழையைப் பார்த்தேன். மூணாவது அடி அடிச்சேன். பிரின்சிபால் மேடம் அறையை விட்டு வெளிய வந்து என்னைப் பார்த்தாங்க, ரோட்டைப் பார்த்தாங்க, "பைய அடிங்க சங்கரபாண்டி, மழைத்தண்ணி மணியில பட்டிருக்கு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. இருபத்திரண்டு வருஷத்துல என் மணி அன்னைக்குத்தான் ஆறு நிமிஷம் அடிச்சுது. பன்னிரண்டாவது அடி விழும்போது கூட்டம் கேட்டுக்குள்ள வந்துருச்சு, நான் சுத்தியலைப் போட்டுட்டு அவங்களோட ஓடினேன்.

வகுப்பு வாசலுக்கு வந்தப்ப காக்கி ஒரு கோலமா இருந்துச்சு. எவ்வளவு மறைச்சாலும் சாரல் விடலை. முழங்காலுக்குக் கீழ கால்சட்டை துவண்டு பூட்ஸ்ல மடிஞ்சு கிடக்கு, இடது கை தொங்கிப்போச்சு, தோளை மட்டும் சொர்ணம் பின்னால இருந்து ரெண்டு கையாலயும் பிடிச்சு நிறுத்தியிருக்கா. உள்ள சார் குனிஞ்சபடி கூப்பிட்டுக்கிட்டு இருக்கார். "பாலசெல்வம்." "பிரசென்ட் சார்." "பொன்னுலட்சுமி." "பிரசென்ட் சார்." "மாகாளி."

ஒரு சத்தமும் இல்லை. பூட்ஸைச் சேர்க்க அது முயற்சி பண்ணுச்சு, கால்சட்டைக்குத் தெம்பு இல்லை. பத்து நாளா கேட்ட அந்த 'டக்' அன்னைக்கு வரலை.

தவசிக்கனி சார் தலையைத் தூக்கினார். முப்பத்தியொரு வருஷத்துல முதல் தடவையா, பேனா பதிவேட்டு மேல நிக்க, அவர் வாசலைப் பார்த்தார். மூஞ்சி இல்லாத ஒரு உடுப்பு, அதுக்குப் பின்னால சேறும் சகதியுமா, தலையில இருந்து தண்ணி சொட்டச் சொட்ட, வாசல் கொள்ளாம, வராந்தா கொள்ளாம எங்க மூஞ்சிகள்.

"உள்ள யார் இருக்கா?"ன்னு கேட்டார். கடுமையாத்தான் கேட்டார்.

சொர்ணம் அஞ்சாங்கிளாஸோட நின்னவ. காலேஜ் வகுப்பு வாசல்ல அன்னைக்குத்தான் நிக்கா. இருந்தாலும் பொய் சொல்லலை. "உள்ள யாரும் இல்லைங்கய்யா"ன்னா. "நாங்க எல்லாரும் வெளியதான் இருக்கோம்."

சார் எங்க மேல பார்வையை ஓட்டினார். உதடு அசையுறதைப் பார்த்தா எண்ணுறார்னு தெரிஞ்சுது. வாசல்ல ஆரம்பிச்சு வராந்தா வரைக்கும் ஒவ்வொரு ஆளா எண்ணினார், என்னையும் சேர்த்து. அப்புறம் சிவப்புப் பேனாவை மூடி சட்டைப்பையில வச்சுட்டு, பச்சைப் பேனாவை எடுத்து, முதல் வியாழக்கிழமையில ஆரம்பிச்சு ஒவ்வொரு கட்டத்துலயும் பையப் பைய டிக் போட்டார், பதினொண்ணு. "பதில் வந்துருச்சு. உறுப்பு எண்ணிக்கையை நான்தான் தப்பாப் போட்டுட்டேன்"னு சொல்லிட்டு, "ரஹ்மத்து"ன்னு அடுத்த பேரைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை பிரசென்ட் சொல்ல முடியாம அழுதுக்கிட்டு இருந்தா, அவளுக்கும் டிக் போட்டார்.

மாகாளி வந்தா, பரீட்சை எழுதினா, பாஸானா, மெரிட் லிஸ்ட்ல பேர் வந்துச்சு, பரங்கிமலைக்கு ஆபீசர் பயிற்சிக்குப் போனா, அங்க பதினொரு மாசம் வாட்டியெடுத்தாங்க. கடைசி அணிவகுப்புக்கு வீட்டு ஆட்கள் வரலாம், புது ஆபீசருக்குத் தோள்ல நட்சத்திரத்தைப் பெத்தவங்க கையாலதான் குத்தணுமாம், ஒரு தோளுக்கு அம்மா, ஒரு தோளுக்கு அப்பா. "அவ அப்பா இடத்துல நீங்க வாங்க அண்ணாச்சி"ன்னு சொர்ணம் என்னைக் கூப்பிட்டா. நான் புது வேட்டி எடுத்து, முடிக்கு மை போட்டு, பத்து நாளா வீட்ல தலையணையில ஊக்குக் குத்திப் பழகினேன், அதை நினைச்சா இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு. சொர்ணம் ஒரு துணிப்பை கொண்டு வந்தா. கேட்ல சோதனை போட்ட சிப்பாய் அதைத் திறந்து பார்த்து, "பழைய யூனிஃபார்ம் எதுக்கும்மா"ன்னார். "கூட வரணும்னுச்சு"ன்னா. அவர் மூடிக் குடுத்துட்டார்.

மைதானத்துல மாகாளி வந்து எங்க முன்னால நின்னா. கறுத்து, இளைச்சு, ஆனா நல்லா நிமிர்ந்திருந்தா. சொர்ணம் வலது தோள்ல நட்சத்திரத்தைக் குத்தினா, கை நடுங்கவே இல்லை, வாழ்நாள் முழுக்கச் சட்டையில கை வச்சவல்லா. என் முறை வந்துச்சு, எனக்குத்தான் விரல் ஆடி ஊக்கு பிடிபடலை. அப்ப பைக்குள்ள இருந்து காக்கி எந்திரிச்சு வெளிய வந்துச்சு. சொர்ணம் முந்தின நாள் கஞ்சி போட்டிருக்கா, ஏழு எல்லாம் இல்லை, ஒண்ணே ஒண்ணு. அது சட்டைக் கையை என்கிட்ட நீட்டுச்சு, நான் நட்சத்திரத்தை அதுல வச்சேன், அது மாகாளியோட இடது தோள்ல, கோணாம, ஒரு நூல் பிசகாம குத்துச்சு.

குத்திட்டு ஒரு அடி பின்னால நகர்ந்து, விறைச்சு நின்னு, சல்யூட் அடிச்சுது. அது என்.சி.சி. சார்ஜென்ட் உடுப்பு, காலேஜ்ல மாகாளிக்கு இருந்த ரேங்க், இவ இப்ப லெப்டினென்ட், சின்ன ரேங்க்குதான் முதல்ல அடிக்கணும், அதுதான் முறை. லெப்டினென்ட் மாகாளி, கண்ணுல தண்ணி நிக்க, ஆபீசரா ஆன பிறகு வாங்கின முதல் சல்யூட்டை அப்படியே திருப்பி அடிச்சா. அவ கையை இறக்கினதும் அதுவும் இறக்குச்சு, அப்புறம் பைய, காலர்ல ஆரம்பிச்சு கை, இடுப்பு, கால்னு ஒவ்வொரு இடமாத் தளர்ந்து புல்லு மேல படுத்துக்கிட்டுச்சு.

சொர்ணம் குனிஞ்சு எடுத்தா. புல்லைத் தட்டி, கையை உள்ள மடிச்சு, நாலா மடிச்சுப் பைக்குள்ள வச்சா. "இனிமே இதுக்குக் கஞ்சி போட வேண்டாம், மெத்துன்னு கிடக்கட்டும்"னு சொல்லிட்டு, மகளோட கையைப் பிடிச்சுக்கிட்டா.